எலும்புக் குழம்பில் ஒரு கரித்துண்டு

என் ஓரகத்தி, அதாவது வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, ஆட்டெலும்புக் குழம்பு வைத்தால் லயத்து வீடுகள் அத்தனையும் மணக்கும் என்று என் மாமியார் தீபாவளிக்குத் தீபாவளி சொல்வார். எனக்கு வயிறு பற்றி எரியும். அதே எலும்பு, அதே நோக்கோல், அதே உருளைக்கிழங்கும் கரட்டும். அவள் கையில் மட்டும் என்ன தேனா வடிகிறது? "ஒங் கொழம்பு நல்லாருக்கு" என்று மாமியார் வாயால் ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இதே ஏக்கம்.

நாங்கள் கெலிஓயாவில் இருந்தோம். மாமியார் மூத்த மகனோடு தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். அந்தத் தீபாவளிக்குக் கையை வீசிக்கொண்டு போவதில்லை என்று முடிவெடுத்தேன். இறைச்சிக்கடை நானாவிடம் கெஞ்சி நெஞ்செலும்பு வாங்கி, மசாலாவை அம்மியில் அரைத்து, காய்களைக் கடைசியில் போட்டுக் குழையாமல் இறக்கினேன். தூக்குச்சட்டியில் ஊற்றி, கறி மணத்துக்குப் பேய் பின்னால் வருமே என்று ஒரு கரித்துண்டை வாழையிலைக் கிழிசலில் சுற்றிக் குழம்பின் மேலேயே வைத்து மூடினேன்.

"பட்டப்பகல்ல பஸ்ல போறோம். பேய்க்கும் டிக்கட் எடுக்கணுமா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒங்க அம்மாவுக்குக் கொண்டு போறது. ஒரு கொறையும் இருக்கக் கூடாது" என்றேன்.

போய்ச் சேர்ந்தால், ஓரகத்தியின் சட்டி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. பாவி மகள், மணமும் நன்றாகத்தான் இருந்தது. "வாங்க வாங்க" என்று சிரித்த முகமாய் என் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு போனாள்.

சாப்பிட உட்கார்ந்தோம். அவள்தான் பரிமாறினாள். மாமியார் எலும்பை உறிஞ்சி, மறுபடியும் சோறு போடச் சொல்லி, குழம்பும் கேட்டு வாங்கினார்.

"என்ன இருந்தாலும் மூத்தவ கைப்பக்குவம் யாருக்கு வரும்?"

இந்த அம்மாவுக்கு நான் வெந்நீர் வைத்தாலும் குற்றம்தான்.

அப்போது அவர் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. என் கரித்துண்டு! பஸ் ஆடிய ஆட்டத்தில் இலை பிரிந்து குழம்புக்குள் முங்கியிருக்கிறது. மாமியார் அதைப் பீங்கான் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வீட்டில் வைத்த குழம்புக்கு யாரும் கரி போடமாட்டார்கள். வழி கடந்து வரும் குழம்புக்குத்தான் போடுவார்கள். ஓரகத்தி அவருக்கு ஊற்றியது என் குழம்பு.

மாட்டினார் அம்மா என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மாமியார் நிதானமாக விரலை நக்கினார். "அதான பாத்தேன். உப்பு கொஞ்சம் கம்மியா இருக்கேன்னு."

ஐயோ, எனக்கு வந்த ஆத்திரம்! நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் கரண்டியோடு நின்ற ஓரகத்தி சிரித்துவிட்டாள்.

"சும்மா இருங்கத்தே. கேட்டுக் கேட்டு வாங்கித் தின்னுட்டு இப்ப உப்பைக் கொற சொல்றீங்க? நான் வச்சத ஒருநாளும் இப்பிடித் தின்னதில்லையே!"

எல்லோரும் சிரித்தார்கள். மாமியாரும் சிரித்துக்கொண்டே, "சரி சரி, சின்னவ கொழம்பு நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று பீங்கானை நீட்டினார்.

மாமியார் வாயால் கேட்க நினைத்ததைக் கேட்டாகிவிட்டது. ஆனால் நான் பேசவேண்டிய பேச்சை அவள் பேசிவிட்டாள், அதுவும் யாருக்கும் கோபம் வராமல், என்னைவிட நன்றாக. திரும்பி வரும் பஸ்ஸில் அதை நினைத்து எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.