கத்தரிப்பூ நிற உறைப்புழு

அருங்காட்சியகத்தில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவர் 'அந்து சார்'. கம்பளி தின்னும் அந்துப்பூச்சிகளை இனம் பிரித்து இழுப்பறைகளில் குத்தி வைப்பதுதான் வேலை. இந்தப் பூச்சியின் புழு தன்னைச் சுற்றி ஒரு உறை பின்னிக்கொண்டு திரியும். உறையின் நிறத்தை வைத்து அவர் பிரித்தார்: வெள்ளை, சாம்பல், அப்புறம் உலகத்தில் வேறு எவனும் பார்த்திராத கத்தரிப்பூ நிறம். இந்த மூன்றாவது இனம் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று சுவரில் வரைபடம் மாட்டிக் குண்டூசி குத்தினார். போன ஊரிலெல்லாம் அது கிடைத்தது. தங்கின அறைக் கட்டிலிலேயே கிடைத்தது! மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. வரைபடம் அவர் பெயரோடு அச்சாகப் போகிறது, வேறென்ன வேண்டும்?

அவர் மனைவிக்கும் ஒரே ஆசைதான். இந்த மனுஷன் ஒரு தடவையாவது தன் அக்கா வீட்டுக்கு வர வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து சாக்குச் சொல்லியே இழுத்தடிக்கிறார்.

ஒருநாள் அவள் வரைபடத்தையே வெறித்துப் பார்த்தாள்.

"ஏங்க, எங்க அக்கா ஊர்ல மட்டும் ஊசியக் காணோமே?"

"அங்க அது இருக்காதும்மா. ஈரக் காத்து, ஒத்துக்காது."

"நீங்க போய்ப் பாத்தீங்களாக்கும்?"

ஆராய்ச்சியாளருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த வாரமே மனைவியோடு கிளம்பினார், அவள் பின்னிக் கொடுத்த, எந்தப் பயணத்துக்கும் விடாத கத்தரிப்பூ நிற ஸ்வெட்டரோடு.

அக்கா வாயெல்லாம் பல்லாக வரவேற்று ஸ்வெட்டரை வாங்கி உதறினாள். பொலபொலவென்று புழுக்கள்.

"ஐயய்யோ! தம்பி, என்ன இது? இந்தப் புழு தின்ன கம்பளியிலயே தனக்குச் சட்டை தச்சுப் போட்டிருக்கே!"

அவர் புழுவைப் பார்த்தார். ஸ்வெட்டரைப் பார்த்தார். அத்தனை ஊர் அறையும் கட்டிலும் கண் முன்னால் வந்து நின்றன. எல்லாம் அவர் உதிர்த்துவிட்டு, அவரே பொறுக்கியது. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து கண்கலங்கிவிட்டார், பாவம். மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் முதுகைத் தடவிக்கொண்டே சிரித்தாள்.

வீடு திரும்பியதும் வரைபடத்தைக் கிழிக்கக் கை வைத்தார்.

"இருங்க, இருங்க. ஒரு ஊசி குடுங்க."

எக்கி நின்று, தேடி, அக்கா ஊரில் அழுத்திக் குத்தினாள்.

"ம், இப்பக் கிழிங்க."