எதிராளிக்கு வாங்கிய மட்டிப்பழம்

ஒரு குத்துகூட வாங்காமல் குத்துச்சண்டையில் தங்கம் வாங்கியவனைப் பார்த்திருக்கிறீர்களா? நான்தான் அது. போன இரண்டு வருஷமும் நான்தான்.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில், ஹெவிவெயிட்டுக்கு எந்தக் கல்லூரியிலும் என்னைவிட்டால் ஆளே கிடையாது. ஒல்லிப் பயல்கள் மூக்குடைந்து வெண்கலம் வாங்குவார்கள். நான் மேடையில் ஏறி நிற்பேன், நடுவர் என் கையைத் தூக்குவார், இறங்கிவிடுவேன். குலசேகரத்தில் எங்கள் சபைப் போதகர் என்னை முன்னால் அழைத்து ஜெபம் வேறு செய்தார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. நிஜமாக ஒரு குத்து விழுந்தால் நிற்பேனா, ஓடுவேனா? அது தெரியாமல் இருப்பதுதான் பெரிய குடைச்சல். பயிற்சியிலும் ஒருத்தனும் என்னோடு மோத வரமாட்டான். "நீ மேல விழுந்தாலே நான் சட்னி மக்கா" என்று நழுவிவிடுவார்கள்.

இந்த வருஷம் குழித்துறையிலிருந்து ஒருவன் வந்தான். நல்ல உயரம், தோள் இரண்டும் கதவு அகலம். பார்த்ததுமே எனக்குக் கை பரபரத்தது. ஆனால் எடை மெஷினில் ஏறினால், எங்கள் பிரிவுக்குக் கொஞ்சம் குறைவு. நேரம் முடிவதற்குள் எடை கூடினால் சரி, இல்லையென்றால் கீழ்ப்பிரிவு என்றார் எடை பார்த்தவர். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாரானான்.

எதிர்க்கடைக்கு ஓடினேன். இரண்டு சீப்பு மட்டிப்பழமும் பெரிய தண்ணீர் பாட்டிலும் வாங்கிவந்து அவன் முன்னால் வைத்தேன்.

"தின்னுலே."

"நீ யாருலே?"

"ஒனக்க எதிராளி."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஒனக்கென்ன வட்டா, கிறுக்கா? நான் கீழ போனா தங்கம் ஒனக்குச் சும்மா கெடைக்கும்லா?"

"சும்மா கெடச்சது ரெண்டு, வீட்டுல கெடக்கு. பேசாம தின்னு."

"என்னய அடிக்கதுக்கா இப்பிடித் தீனி போடுக?"

"நீ அடிக்கதுக்கு."

சிரித்துக்கொண்டே தின்றான். கடைசி நாலு பழத்தைச் சிரிக்காமல் தின்றான். தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு, வயிற்றைப் பிடித்தபடி மெஷினில் ஏறினான். முள் எங்கள் பிரிவைத் தொட்டது.

சாயங்காலம் மோதினோம். மணி அடித்ததும் முதல் குத்து என் மூக்கில். கண்ணில் தண்ணீர் கொட்டியது, காது இரைந்தது. கால் மட்டும் நகரவில்லை. அடுத்ததும் வந்தது. நானும் ஒன்று போட்டேன், அவன் ஏப்பம் விட்டான். மூன்று சுற்றும் நின்றேன். பாயிண்டில் அவன்தான் ஜெயித்தான்.

இறங்கும்போது தோளில் தட்டினான். "பழம் செமிக்கல்ல மக்கா. இல்லேன்னா இன்னும் ரெண்டு போட்டிருப்பேன்."

இப்போது என் மூக்கில் பஞ்சு இருக்கிறது. வாயால்தான் மூச்சு விடுகிறேன்.