விழுப்புரத்தில் ஒப்படைத்த கார்

சவுரிராயன் ஒருநாள் கார் ஓட்டுவான் என்று கண்டமங்கலத்தில் யாரும் நினைத்ததில்லை. தலைமுறையாக அடுத்தவர் கழனியில் நாற்று நட்ட குடும்பம். புதுச்சேரியில் லாரி கழுவிக்கொண்டே ஓட்டக் கற்றவன், 1936இல் திண்டிவனத்து வேர்க்கடலை வியாபாரி யசோதரனிடம் டிரைவராகச் சேர்ந்து அங்கேயே குடியேறினான். அவன் ஓட்டிவரும் காருக்கு வழிவிட்டவர்களே, அவன் இறங்கி நடந்தால் ஒதுங்கிப் போகச் சொன்னார்கள்.

யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டார்கள். 1942 கோடையில், காரை ராணுவத்துக்காக விழுப்புரத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஒப்படைக்க வேண்டிய அன்று அவன் மனைவி இருதயமேரிக்கு இரண்டாம் நாளாகப் பிரசவ வலி. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். சாவி வாங்க வந்தவன் யசோதரன் முன்னால் நின்று அழுதான்.

"வண்டி எப்பிடியும் விழுப்புரம் போவுது. அவளையும் ஏத்திக்கினு போ. ஜல்தி!" என்றார் அவர்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள். அதன்பிறகே காரை ஒப்படைக்கப் போனான். அங்கிருந்த குமாஸ்தா பின் சீட்டைக் காட்டி, "இன்னாய்யா இது ரத்தம்?" என்றார்.

"எம் பொண்டாட்டிக்குப் பிரசவங்க."

"தொடச்சிட்டுப் போ."

தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டு வந்தான்.

எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ரயில் முழுக்கப் பட்டாளத்துக்காரர்கள், டிக்கெட் கிடைக்கவில்லை. பெட்ரோல் இல்லாததால் கரி எரித்து ஓடிய பஸ் ஒன்று பகலில் வந்தது.

"கைக்கொழந்தைங்க. நின்னுக்கினே வர்றோம்" என்று கெஞ்சினான்.

"எடமில்ல. நாளைக்கு வா" என்றான் கண்டக்டர்.

மறுநாளும் அதே பதில். கடைசியில் மாட்டுவண்டி பிடித்தார்கள். கத்திரி வெயில். விக்கிரவாண்டி தாண்டும்போது குழந்தைக்கு உடம்பு கொதித்தது. திண்டிவனம் வருமுன் மூச்சு நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைப்பதாக இருந்தார்கள்.

யுத்தம் முடிந்ததும் யசோதரன் வேறு கார் வாங்கினார். சவுரிராயனைக் கூப்பிட்டனுப்பினார்.

"வேணாம் மொதலாளி. பஸ்சுக்குப் போறேன்" என்றான். அவர் வற்புறுத்தவில்லை.

1946இல் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினான். எவ்வளவு நெரிசலிலும், பிள்ளையோடு ஒருத்தி ரோட்டோரம் நின்றால் பிரேக்கை மிதித்துவிடுவான். உள்ளே இருப்பவர்கள் திட்டுவார்கள். மூன்று முறை எச்சரித்த பஸ் முதலாளி நான்காம் முறை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

இருதயமேரி விஷயத்தைக் கேட்டுக் கோபப்படவில்லை. "யாரு அவ?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியல. கூட்டேரிப்பட்டாண்ட கை காட்டினா. ஏத்திக்கினேன்."

"கொழந்தைக்கு எத்தினி மாசம் இருக்கும்?"

"மூணு இருக்கும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

மறுவாரம் சவுரிராயன் கடலை மண்டிக்கு மூட்டை தூக்கப் போனான். வண்டி ஓட்டும் வேலை பிறகு அவனுக்குக் கிடைக்கவேயில்லை.