இறங்கிப் போகிற லிகாயா

எங்கள் மரிக்கினா ஊர் சைக்கிள் குழுவின் ஞாயிற்றுக்கிழமைச் சவாரியில் பயிற்சி என்ற பேச்சை எடுத்தால் சிரிப்பார்கள். ஆண்டிபோலோ மேட்டில் சைக்கிளை மிதிப்பதே உச்சியில் கஞ்சி குடிக்கத்தான். கடைசி ஆள் வந்து சேராமல் யாருக்கும் கஞ்சி ஊற்றக் கூடாது என்பது ஒன்றுதான் எங்கள் சட்டம். பசியில் நான் பலமுறை அதைத் திட்டியிருக்கிறேன்.

லிகாயாவுக்கு அந்தச் சட்டம்தான் வசதி. மருந்துக்கடையில் ஆறு நாளும் நின்றபடி வேலை. சைக்கிளுக்கு ஞாயிறு ஒன்றுதான். வருடத்துக்கு ஒருமுறை அதே மேட்டில் போட்டி நடக்கும். ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிட வேண்டும். போன வருடம் அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லைக்கோட்டு வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நிற்கிற வளைவுக்கு அடியில் ஒருமுறையாவது நுழைய வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

அதனால் நாங்கள் அரட்டையடித்துக்கொண்டு வர, அவள் முன்னால் போய் எதிர்காற்றைத் தான் வாங்கிக்கொள்வாள். உச்சியைத் தொட்டதும் உட்கார மாட்டாள். திரும்ப இறங்கி, எப்போதும் கடைசியாக வரும் ரொட்டிக்கடை நெனிதாவோடு மறுபடி ஏறுவாள். நெனிதா எங்கள் எல்லோருக்கும் ‘ஆத்தே’, எங்கள் ஊர்ப் பேச்சில் அக்கா.

“என்னைச் சாக்கு வெச்சு நீ காலுக்கு உரம் ஏத்திக்கிறே,” என்பாள் நெனிதா.

“நீங்க மெதுவாவே வாங்க ஆத்தே. எனக்கு அதான் லாபம்.”

“மெதுவா வர எனக்குச் சொல்லித் தரணுமாக்கும்.”

இந்த வருடப் போட்டியில் நாங்கள் உச்சியில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றோம். இன்னும் மூன்று நிமிடம் இருக்கையில் கடைசித் திருப்பத்தில் லிகாயா தெரிந்தாள். அவளுக்குப் பின்னால், முன்பின் தெரியாத ஒரு பெண் சைக்கிளை விட்டிறங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். லிகாயா திரும்பிப் பார்த்தாள். வண்டியைத் திருப்பி இறங்கிவிட்டாள். நாங்கள் கத்தியது அவள் காதில் விழவே இல்லை. இருவரும் சேர்ந்து ஏறி வந்தபோது வளைவு தரையில் கிடந்தது.

“பேய் கீய் பிடிச்சிருச்சா உனக்கு? எதுக்கு இறங்கினே?” என்றேன்.

“தெரியலை. ஒருத்தி பின்னால நிக்கிறதைப் பாத்ததும் கை தானா திருப்பிடுச்சு,” என்று அழுதாள்.

அடுத்த ஞாயிறு நெனிதா எங்களோடு கிளம்பவில்லை. உச்சிக்குப் போனால், கஞ்சிக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே தனியாகப் புறப்பட்டு வந்திருக்கிறாள்.

“இனிமே கீழே யாரும் இல்லடி,” என்றாள் லிகாயாவிடம். “போ, இறங்கிட்டு ஏறு. திரும்பிப் பாக்காம ஏறிப் பழகு.”

ஆளில்லாத சாலையில் லிகாயா இறங்கிப் போனாள். நெனிதா முழங்காலை நீவிவிட்டபடி அவள் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவ பக்கத்துல இல்லாம இந்த மேடு எவ்வளவு நீளம் தெரியுமா உனக்கு?” என்றாள் என்னிடம்.