கனகபுரா பட்டுப்புழு வீடும் பசுவுக்குக் கட்டிய கொசுவலையும்

பட்டுப்புழு வளர்க்கும் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று ஈஜிபுராவில் என் பக்கத்து வீட்டு ராணியை வெகுநாளாக நச்சரித்துவந்தேன். அவளுடைய தங்கை மலரைக் கட்டிக்கொடுத்திருப்பது கனகபுராவைத் தாண்டி ஒரு கிராமத்தில். போன ஆகஸ்டில், மழை விட்ட ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். அன்று எடுத்த படங்களை இப்போது திறந்து பார்க்கக்கூட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பனசங்கரியிலிருந்து கனகபுராவுக்கு அரசுப் பேருந்து அடிக்கடி உண்டு. ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றரை மணி நேரம். கர்நாடக முகவரியுள்ள ஆதார் இருந்தால் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. மலருக்கென்று ராணி ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கியிருந்தாள். கால் கிலோவை வழியிலேயே நாங்கள் காலி செய்துவிட்டோம்.

மலர் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். நான் கையில் கொசு மருந்து தடவியிருந்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க. இந்த வாசம் பட்டா புழு செத்துடும்."

நாலு மாதக் கர்ப்பிணி, தானே சொம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றினாள். உள்ளே ஒரே கூடம். தட்டுத் தட்டாகப் புழுக்கள், மூலையில் புருஷன் பெண்டாட்டி படுக்கும் பாய். பின்னால் கொட்டிலில் பசுவைச் சுற்றிப் புத்தம்புதுக் கொசுவலை! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்க மகாலட்சுமிக்கு ஃபேன் போடலையா?" என்றேன்.

"ஆஷா அக்கா குடுத்தாங்க, மருந்து தோச்ச வலை. புழு இருக்கிற வீட்ல எப்படிக் கட்றது? மருந்தடிக்க வந்தவங்களையே திருப்பி அனுப்பிட்டோம்." ஆஷா அக்கா என்றால் ஊர் சுகாதாரப் பணியாளர். மலர் சொன்னதிலும் தப்பில்லை. புழு செத்தால் அவர்களுக்குச் சோறு கிடையாது.

மதியம் சாப்பிட்டு எழுந்த மலருக்கு நடுக்கம் கண்டது. கம்பளியைப் போர்த்தியும் பல் தந்தியடித்தது. கொஞ்ச நேரத்தில் வியர்த்து ஊற்றியது. உடனே எழுந்து, புழுக்களுக்குப் போடும் முசுக்கொட்டைத் தழை வெட்ட அரிவாளை எடுத்தாள்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருதுக்கா. மழைக் காய்ச்சல்தான்."

"கெளம்புடி, ஆஸ்பத்திரில ரத்தம் பாத்துட்டு வந்துடலாம்" என்றாள் ராணி.

"கூடு கட்டப் போற நேரம்க்கா. தழை போட ஆளு? புதன்கிழமை கண்டிப்பா போறேன்."

ராணி கெஞ்சினாள், நான் மிரட்டினேன். மலரின் புருஷன் தட்டுகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அரிவாளை எடுத்துக்கொண்டு தழை வெட்டப் போனார். நாலு மணி ஆட்டோவில் நாங்கள் மட்டும் திரும்பினோம்.

செவ்வாய்க்கிழமை அவளை நினைவில்லாமல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மலேரியா. மலர் பிழைத்துக்கொண்டாள். வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவை பட்டுக்கூட்டுக்கு நல்ல விலையாம். அதைச் சொன்னபோதுதான் ராணி உடைந்து அழுதாள்.

நீங்கள் போனால் கொசு மருந்து தடவாமல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். நடுங்கிக் காய்ச்சல் வருபவர் யாரானாலும் அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப் போங்கள், அரசு ஆஸ்பத்திரியில் காசு வாங்க மாட்டார்கள். இனிப்புக்குப் பதில் மருந்து தோய்க்காத சாதாரணக் கொசுவலை ஒன்று வாங்கிப் போங்கள். அதைக் கூடத்திலேயே கட்டிப் படுக்கலாம், புழுவுக்கு ஒன்றும் ஆகாது. ஈஜிபுராவில் எங்கள் தெருமுனைக் கடை வாசலிலேயே தொங்குகிறது. அன்று காலை அந்தக் கடையைத் தாண்டித்தான் மைசூர்பாகு வாங்கப் போனோம்.