எரிவது கட்டையல்ல, புகை

ஊரில் யார் வீட்டு அடுப்பு புகைந்தாலும் கண் எரிவது எங்களுக்குத்தான். எங்கள் தொழில் அப்படி.

நான் விறகு எரிவாயு அடுப்பு மெக்கானிக். வேலூரிலிருந்து ஆம்பூர் வரை கல்யாண மண்டபம், விடுதி, தொழிற்சாலை கேண்டீன் என்று எங்கே பெரிய அண்டா ஏறுகிறதோ அங்கெல்லாம் போவேன். இந்த அடுப்பு ஓர் இரும்பு டிரம். மூடியைத் திறந்து விறகுத் துண்டுகளைப் போட்டு மூடிவிட வேண்டும். உள்ளே அவை கனன்று புகைவிடும். கரண்டில் ஓடும் ப்ளோயர் அந்தப் புகையைக் குழாய் வழியாக அண்டாவுக்கு அடியில் தள்ளும். அங்கே காற்றோடு சேர்ந்து அது எரியும். ஊதுகுழலோடு போராடிக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே ஜாதி.

அன்வர் பாயும் பவுடர் டப்பாவும்

மேல்விஷாரம் அன்வர் பாய் கல்யாண பிரியாணி போடுகிறவர். "புகை எரியும்னு சொல்றியே, புகை எங்கனா எரியுமா?" என்று என் அடுப்பைத் தொடவே மறுத்துவிட்டார். வாயால் சொல்லி ஆகாது என்று தெரிந்தது. ஒரு காலி பவுடர் டப்பாவில் சவுக்குச் சில்லுகளைப் போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை குத்தி, அவருடைய அடுப்பின் மேலேயே வைத்தேன். முதலில் ஓட்டை வழியாக ஆவி வந்தது. அது கட்டையின் ஈரம். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் கலந்த தடித்த புகை வந்தது. தீக்குச்சியைக் காட்டினேன். ஓட்டையின் மேல் ஒரு சுடர் அகல்விளக்கு மாதிரி எழுந்து நின்றது.

பாய் குனிந்து பார்த்தார், சுற்றிவந்து பார்த்தார். சுடர் அணைந்ததும் டப்பாவை ஆறவிட்டுத் திறந்து காட்டினேன். சில்லு ஒவ்வொன்றும் உருக்குலையாமல் கரியாகியிருந்தது. சூடேறினால் கட்டை உள்ளுக்குள்ளேயே உடைந்து, எரிகிற வாயுவெல்லாம் வெளியே போய்விடும், மிச்சம்தான் கரி என்றேன். அவர் கரியைக் கையில் வைத்துக்கொண்டு, மேலே கறுத்துப்போன தன் சமையல் கொட்டகைக் கூரையைப் பார்த்தார்.

"அப்போ இத்தினி வருசமா கேஸையெல்லாம் ஆகாசத்துக்கு வுட்டுட்டு, நாங்க கண்ணைக் கசக்கிக்கினு நின்னோமா?"

செல்வி அக்காவின் விறகு

சத்துவாச்சாரி மகளிர் விடுதியில் சமைக்கிற செல்வி அக்காவிடமிருந்து போன். அடுப்பு பற்றவில்லை, வெறும் வெள்ளைப் புகைதான் வருகிறது, பக்கத்து வீட்டு அம்மா காயப்போட்ட துணியோடு வந்து சண்டை போடுகிறார். போய்ப் பார்த்தால் விறகைத் தண்ணீர்க் குழாயடியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டைப் பிளந்து அக்காவின் உள்ளங்கையில் அழுத்தினேன். சில்லென்றிருந்தது. ஈரம் முழுக்க ஆவியாகிற வரைக்கும் கட்டை உடையாது, வாயு விடாது, சூடெல்லாம் தண்ணீர் கொதிக்கவே போய்விடும் என்றேன்.

அக்கா ஊறின அரிசியைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார்.

"அப்போ காலையிலேர்ந்து நான் சோறு வேக வெக்கல, கட்டையை வேக வெச்சுக்கினு இருந்திருக்கேன்."

கேண்டீனில் தோல் வாடை

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. கேண்டீன் எடுத்திருந்த தயாளன், "பர்னர்ல பிசின் மாதிரி அடைக்குது, வந்து க்ளீன் பண்ணிட்டுப் போங்க" என்றார். மூடியைத் திறக்கும்போதே முடி கருகுகிற வாடை. உள்ளே விறகோடு தோல் கழிவுத் துண்டுகள். வெட்டு செக்‌ஷனில் சும்மா கிடக்கிறதே என்று போட்டிருக்கிறார்.

நான் பர்னரைக் கழற்றவில்லை. தோலில் என்னென்ன மருந்து ஏற்றிப் பதப்படுத்தினார்களோ அதெல்லாம் சூட்டில் உடைந்து புகையிலும் சாம்பலிலும்தான் வரும், அந்தப் புகையில் சோறு ஆக்காதீர்கள் என்றேன். "எல்லா எடத்துலயும் போட்றதுதான் சார், நீங்க ஒருத்தர்தான் பேஜார் பண்றீங்க" என்றார் தயாளன். சாப்பிட வந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையில் நின்றிருந்தார்கள். தையல் மிஷினில் வேலை செய்யும் குளோரிக்கு இழுப்பு உண்டு. நாலு வார்த்தை பேசுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. தட்டைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கவிழ்த்தார்கள். மேனேஜர் இறங்கி வந்தார். அன்றைக்குச் சாப்பாடு வெளியிலிருந்து வந்தது, தோல் துண்டுகள் மூட்டையாகக் கட்டி வெளியே போயின. நடுவில் மேனேஜர், "இன்னாம்மா பிரச்சினை?" என்று கேட்டபோது குளோரி சொன்னதுதான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"தோலைத் தைக்கத்தான் சார் வர்றோம், சுவாசிக்க இல்ல."

நெமிலிக் கல்யாணம்

நெமிலியில் ஒரு விவசாயி வீட்டுக் கல்யாணம். புது அடுப்பு என்பதால் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். சமையல்காரர் சம்பத்தும் அவர் மனைவி லட்சுமியும் வேலையில் இருந்தார்கள். முகூர்த்தம் முடிந்து பந்திக்கு இலை போடுகிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ப்ளோயர் நின்றது, அண்டாவுக்கு அடியில் தீ அணைந்தது. ஜெனரேட்டர் எங்கே என்று கேட்க நான் வாசலுக்குப் போனேன்.

தீ அணைந்தாலும் டிரம்முக்குள் கட்டை சும்மா இருக்காது. சூடு இருக்கிற வரை உடைந்து வாயுவை விட்டுக்கொண்டேதான் இருக்கும். எரியக் காற்றில்லாமல் உள்ளேயே நிறைந்து கிடக்கும். மூடியைத் திறந்தால் காற்று பட்டுக் குப்பென்று பற்றும் என்பதால், முதலில் பக்கத்திலுள்ள வால்வைத் திறந்து அதை வெளியேற்ற வேண்டும். நான் திரும்பி வந்தபோது சம்பத், நெருப்பு செத்துவிட்டதா என்று பார்க்க, மூடியின் கொக்கியை எடுத்துவிட்டு அதன்மேல் குனிந்துகொண்டிருந்தார். "தொறக்காதீங்க!" என்று கத்தினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஆனால் கை மூடியைத் தூக்கிவிட்டது. அதே நொடியில் பின்னால் நின்ற லட்சுமி அவர் சட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு. டம்மென்று சத்தம். தீ ஒரு ஆள் உயரத்துக்கு எழும்பித் தகரக் கூரையைத் தொட்டுவிட்டு அடங்கியது. சம்பத் தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் முடி பொசுங்கியிருந்தது, வேறொன்றும் இல்லை.

லட்சுமி அழவும் இல்லை, திட்டவும் இல்லை. பிடித்த சட்டையை மட்டும் விடவேயில்லை. சம்பத் அந்தக் கூரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சாம்பார்ல புளி ஊத்தினேனா இல்லியா, யாருனா நாக்குல வெச்சுப் பாருங்களேன்."

மாணிக்கத்தின் குளிர்

மார்கழி மாதக் காலை. ஒரு தோல் குடோனில் அடுப்பைச் சுத்தம் செய்து, கங்காகவே இருந்த கரியை வெளியே கொட்டினேன். வாட்ச்மேன் மாணிக்கம் அதை இரும்புச் சட்டியில் அள்ளித் தன் கேபினுக்குள் கொண்டுபோனதை நான் பார்க்கவில்லை. கிளம்பும்போது கேட் திறக்கக் கூப்பிட்டால் பதில் இல்லை. ஜன்னலும் கதவும் இறுக மூடியிருந்தன. உள்ளே உட்கார்ந்தபடியே தலை தொங்கிக் கிடந்தார். கதவைத் திறந்துவிட்டு, அவரை வெளியே இழுத்து வந்து கிடத்தி, ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் கண் திறந்து வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள்.

அடுத்த சர்வீஸுக்குப் போனபோது போர்வையைப் போர்த்திக்கொண்டு கேட்டில் நின்றிருந்தார். புகையே இல்லாத கரிதானே என்று நினைத்தாராம். கரியும் மூடிய அறையில் விஷவாயு விடும், அதற்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை என்று சொல்லி முடித்தேன். மாணிக்கம் தலையாட்டினார்.

"புகைன்னா கண்ணைக் கரிச்சு எழுப்பி வுட்டுடுது சார், இது தோஸ்த்து மாதிரி பக்கத்துல உக்காந்து தூங்க வெச்சுடுது."

இத்தனை அனுபவத்துக்கும் பிறகு வீட்டில் எனக்குக் கிடைத்திருக்கும் ஒரே தனி மரியாதை, என் சட்டையை மட்டும் தனி வாளியில் ஊறவைக்கிறார்கள் என்பதுதான்.