சஹனில் மிஞ்சிய கோழித்துண்டு

எங்கள் ஊர்ப் பெண்களின் மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்முனைக்குடிக் கலியாண வீடுகளில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேராக உட்கார்ந்து சாப்பிடுவோம். சோறெல்லாம் பறந்துவிடும். கடைசியாக நடுவில் கிடக்கும் கோழித்துண்டை மட்டும் ஒருவரும் முழுதாக எடுக்கமாட்டார்கள். பாதியைப் பிய்த்துக்கொண்டு மறுபாதியை அடுத்தவருக்கு விட்டுவைப்பார்கள். அடுத்தவரும் அப்படியே செய்வார்.

எனக்கு அப்போது ஏழு வயது. ஒரு கலியாணத்தில் உம்மா, மாமி, ராத்தா என்று நான் கூப்பிடும் அக்கா, நான் என்று ஒரு சஹனில் இருந்தோம். கடைசித் துண்டு, எலும்பில்லாத நல்ல நெஞ்சுத்துண்டு. மாமி பாதியைப் பிய்த்தார். மீதியில் பாதியை உம்மா எடுத்தார். என் முகம் போன போக்கைப் பார்த்து, ஏ.எல். என்ற உயர்தர வகுப்பில் கணிதம் படித்துக்கொண்டிருந்த ராத்தா காதுக்குள் சொன்னாள்:

"பயப்புடாத புள்ள. பாதி பாதியா எடுத்தா இது ஒருநாளும் முடியாது. எத்தின தரம் எடுத்தாலும் மிச்சம் இரிக்கும்."

"மெய்யாவா?"

"ஓம். கணக்குப் புத்தகத்துல இரிக்கி."

ஒருநாளும் முடியாத கோழி! மற்றவர்கள் கை கழுவப் போகும்வரை பொறுத்தால் மிச்சம் அத்தனையும் எனக்குத்தானே. என் முறை வந்தபோது வேண்டாம் என்று தலையாட்டினேன். என்ன அடக்கமான பிள்ளை என்று மாமி மெச்சினார். மெச்சிவிட்டு மறுபடியும் பாதியைப் பிய்த்தார். உம்மாவும் பிய்த்தார், வெட்கமே இல்லாமல் ராத்தாவும் பிய்த்தாள். மூன்று சுற்றிலும் நான் மட்டும் வேண்டாம் என்றே சொன்னேன்.

எல்லோரும் எழும்பிய பிறகு பார்த்தால், சஹனில் பல்லிடுக்குக்கும் போதாத ஒரு நார் கிடந்தது.

"முடியாதெண்டு சொன்னாயே!" என்று கத்தினேன்.

ராத்தா அந்த நாரைக் காட்டி, "ஏன், மிச்சம் இரிக்கிதானே?" என்றாள். நான் அழுத அழுகைக்கு, சபையில் மானத்தை வாங்குகிறேன் என்று உம்மாவிடம் கிள்ளும் வாங்கினேன்.

பிறகு நானும் ஏ.எல். கணிதத்தில் எல்லைகள் என்ற பாடத்துக்கு வந்து சேர்ந்தேன். ராத்தா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் பெரிய எரிச்சல். பாதியாக்குவதை நிறுத்தவே வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் ஏதோ மிஞ்சும். மிஞ்சுவதோ பூச்சியத்தை நெருங்கிக்கொண்டே போகும். எவ்வளவு மிஞ்சும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒருநாளும் முடியாதது என்றால் நிறைய இருக்கும் என்றுதான் ஏழு வயதில் நான் நினைத்திருந்தேன்.